குடைப்பாறையில் ஒரு விரிசல்

அறுபத்தொன்றாம் வருடம் ஆனி மாதம் சேதுலட்சுமி நார்வேயிலிருந்து பாறைக்குடிக்குத் திரும்பி வந்தாள். பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டது பனியைப் பற்றி அல்ல. அங்கே ராத்திரியே கிடையாதாமே, அப்படியானால் எப்போது தூங்கினாய் என்றுதான் கேட்டார்கள்.

பாறைக்குடி அரிமளத்துக்கு மேற்கே உள்ள நகரத்தார் ஊர். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்வந்த ஆண்கள் அங்கே வீட்டுக்கு ஒருவர் உண்டு. பூமியின் வடகோடிக்கு ஒரு பெண் போய்வந்தது அதுதான் முதல் தடவை. அவள் புருஷன் வயிரவன் இன்ஜினியர். மலையிலிருந்து விழும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் வேலையைப் பழகிவரச் சர்க்கார் அவனை இரண்டு வருடம் அங்கே அனுப்பியிருந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு போனான். திரும்பியதும் அவனுக்கு நீலகிரியில் குந்தா அணைக்கட்டில் வேலை. குவார்ட்டர்ஸ் இன்னும் கட்டி முடியவில்லை. சேதுவும் முழுகாமல் இருந்தாள். அதனால் அவளைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு அவன் மட்டும் போனான்.

"கோடையில பொழுது அடையவே அடையாது. கடலுக்கு மேல ஒரு சாண் ஒசரத்துல சூரியன் அப்படியே நகண்டு போயித் திரும்ப ஏறிரும். கறுப்புத் துணிய சன்னல்ல கட்டிக்கிட்டுத்தான் தூங்குவோம்" என்றாள் சேது.

"அப்ப மார்கழியில?"

"மார்கழியில வரவே வராது. தெக்க மலைக்குப் பின்னால லேசா வெளுக்கும். அம்புட்டுத்தான்."

"அடி ஆத்தே! சூரியன் இல்லாம பொங்கல் எப்படிடி வச்சே?" என்று ஒரு ஆச்சி கேட்டாள்.

"வெளக்க ஏத்தி வச்சுப் பொங்குனேன். பால் பொங்குனப்ப குலவை போட ஆள் இல்ல. அவுகளே போட்டாக."

இன்ஜினியர் மாப்பிள்ளை குலவை போட்டதை நினைத்து, முற்றத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த வளவே சிரித்தது. சேதுவும் சிரித்தாள். கேட்கக் கேட்கச் சொன்னாள். அங்கே கடல் கரையோடு நிற்காது. இரண்டு மலைகளுக்கு நடுவே மைல் கணக்கில் உள்ளே நுழைந்து வந்துவிடும். இருபுறமும் சுவர் மாதிரிப் பாறை. நடுவில் கறுப்பாய், ஏரி போல அசையாத கடல். பெரிய கப்பல் கூட வீட்டு வாசல் வரைக்கும் வரும். உச்சியில் ஆறு ஒன்று அப்படியே உறைந்து கிடக்கும். கிட்டப்போனால் அதன் வெடிப்புகளுக்குள் நீலமாய்த் தெரியும், உள்ளே யாரோ முனகுவது போலச் சத்தம் வரும். இரண்டு தீவுகளுக்கு நடுவே ஒரு சந்தில் கடல் ஏறும்போதும் வடியும்போதும் சுழி போடும். ஒரு மாட்டு வண்டியை மாடோடு விழுங்குகிற சுழி. படகுக்காரர்கள் நேரம் பார்த்துத்தான் அதைக் கடப்பார்கள். குளிர்காலத்தில் வானம் முழுக்கப் பச்சை வெளிச்சம் திரைச்சீலை போல அசையும். வீட்டுக்கு வீடு மூங்கில் பந்தல் மாதிரி மரச்சட்டம் கட்டி மீனைத் தொங்கவிட்டுக் கருவாடு போடுவார்கள்.

"கருவாடு அங்கிட்டும் உண்டா!" என்று அவர்கள் திருப்தியோடு எழுந்து போனார்கள்.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. அது அவள் குடியிருந்த வீட்டின் சமையலறைச் சன்னலில் தெரிந்த எதிர்க்கரை மலை.

அந்த மலை முழுவதும் கறுப்பு. நடுவில் மட்டும், மேலிருந்து தண்ணீர் வரைக்கும், தோலை உரித்தது போல ஒரு வெள்ளைத் தழும்பு. போன புதிதில் அது ஏதோ வேறு வகைக் கல் என்று நினைத்திருந்தாள். வீட்டுக்காரி ரக்னா என்ற விதவை. வாரத்துக்கு ஒருமுறை மாடியில் இருந்த இவர்களைக் கீழே காப்பி குடிக்கக் கூப்பிடுவாள். அப்படி ஒரு நாள் தனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் அந்தத் தழும்பின் கதையைச் சொன்னாள்.

ரக்னாவின் சின்ன வயதில் அந்த மலை உச்சியில் ஒரு விரிசல் இருந்தது. ஆடு மேய்க்கப் போனவர்கள் தாண்டிக் குதித்துப் போவார்கள். பிறகு குதிக்க முடியாத அகலம் வந்தது. சுற்றிக்கொண்டு போனார்கள். ரக்னாவின் அப்பா சந்தேகப்பட்டு, அதன் குறுக்கே ஒரு கழியை இறுக்கமாகச் செருகி வைத்துவிட்டு வந்தார். அடுத்த கோடையில் போய்ப் பார்த்தபோது கழி உள்ளே விழுந்து கிடந்தது. இன்னும் நீளமான கழி வைத்தார். அதுவும் விழுந்தது. ஊரில் சொன்னார். பாறை விழுந்தால் அது எதிர்க்கரையில்தானே விழப்போகிறது, நமக்கும் அதற்கும் நடுவில்தான் கடல் இருக்கிறதே என்றார்கள். பல வருடம் கழித்து ஒரு வசந்த காலத்துப் பகலில், மழை கூட இல்லாத வெயிலில், அந்தப் பக்கமே பெயர்ந்து கடலில் விழுந்தது. பாறை யார் தலையிலும் விழவில்லை. ஆனால் போக இடமில்லாத கடல் எழுந்து இந்தக் கரைக்கு ஏறி வந்தது. மேட்டில் இருந்ததால் ரக்னாவின் வீடு தப்பியது. கீழே அவள் தங்கை வீடு, அதில் தங்கை, தங்கையின் பிள்ளைகள், மாடு கன்று எதுவும் இல்லை. அஸ்திவாரக் கல் மட்டும் கழுவிவிட்டாற்போலச் சுத்தமாக இருந்ததாம்.

"பின்னே ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறீர்கள்?" என்று சேது கேட்டாள்.

"மீன் இங்கேதானே இருக்கிறது" என்றாள் ரக்னா.

அதற்குப் பிறகு சேது அந்தச் சன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் சமைத்தாள்.

ஆடிக் கிருத்திகைக்கு ஊர்ப் பெண்களோடு குடைப்பாறைக்குப் போனாள். ஊருக்கு வடக்கே தனியாக நிற்கிற மொட்டைப் பாறை அது. உயரம் அதிகமில்லை. வெட்டின படிகளில் ஏறினால் உச்சியில் சின்னதாக ஒரு வேலாயுத சாமி சன்னதி. பாறைக்குத் தெற்கே, அடிவாரத்தில் பெரிய பள்ளம். சேதுவின் பாட்டனார் காலத்திலிருந்து கல் எடுத்து எடுத்து ஆழமாகிப்போன குவாரி. இப்போது ஊற்றுத் தண்ணீர் நிரம்பிப் பச்சையாகக் கிடந்தது. குவாரி இப்போது அவள் தகப்பனார், அவள் அப்பச்சி என்று கூப்பிடும் ஏகாம்பரம் செட்டியார் பேரில் இருந்தது. இன்னும் பாறையின் கிழக்குத் தோளில் வெடி வைத்துக் கல் எடுத்தார்கள். பள்ளத்தின் மறுகரையில் கல்லுடைக்கிறவர்களின் குடிசைகள். அதற்கும் அப்பால் சரிவு இறங்கிக் கண்மாயில் முடிகிறது.

பூசை முடிந்து சன்னதிக்குப் பின்னால் வந்து நின்றவள், காலடியில் பார்த்தாள். பாறையில் ஒரு கோடு. மேற்கே ஒரு மூலையில் தொடங்கி வளைந்து கிழக்கே போய் முடிந்தது. ஒரு கை உள்ளே போகும் அகலம். பிள்ளைகள் அதில் கூழாங்கல்லைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். கல் நேரம் கழித்துத்தான் அடியில் போய்ச் சேர்ந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்று பூசாரி ஆண்டியப்பனைக் கேட்டாள்.

"அது நான் பெறந்ததுலருந்து இருக்கு ஆச்சி. எங்கப்பன் நாள்ல தாலிக்கயிறு கனத்துக்கு இருந்துச்சுன்னு சொல்லும். நான் பூசைக்கு வந்தப்ப வெரல் போகும்."

சேதுவுக்கு உள்ளங்கால் கூசியது. எட்டிப் பார்த்தாள். கோட்டுக்குத் தெற்கே இருந்தது முழுவதும், சன்னதிக்குப் பின்னால் அவர்கள் நின்றிருந்த இடம் உட்பட, வெங்காயத்தின் மேல்தோல் போல ஒரே பலகையாகப் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. நேர் கீழே பச்சைத் தண்ணீர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் குடிசைகள். யாரோ ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

பனைமட்டை ஒன்றை ஒடித்து, விரிசலின் குறுக்கே இறுக்கமாகச் செருகினாள். கூட வந்த பெண்கள் நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாப்பாட்டின்போது அப்பச்சியிடம் சொன்னாள். ரக்னாவின் தங்கை வீட்டைப் பற்றியும் சொன்னாள். அம்மா முத்தாள் பரிமாறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஏகாம்பரம் செட்டியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு மோருக்குக் கை நீட்டினார்.

"அது பனி தேசம் ஆத்தா. வெடிப்புல தண்ணி உறையும், உறைஞ்சு வீங்கும், கல்லப் பொளக்கும். மாப்பிள்ளைதான எனக்குச் சொன்னாக. இங்க எங்கிட்டு உறையிது? இது எங்க ஐயா காலத்துலருந்து நிக்கிற பாறை."

"நம்ம வெடி வைக்கிறோமே அப்பச்சி."

"வெடி கெழக்க வைக்கிறோம். நீ சொல்றது தெக்க."

"எங்க வச்சாலும் அதிரும்ல. பாறை ஆளு மேல விழ வேணாம் அப்பச்சி. தண்ணியில விழுந்தாப் போதும். அந்தத் தண்ணி எங்க போகும்?"

அவர் எழுந்து கை கழுவப் போனார். முத்தாள் மகளின் அருகில் குனிந்து, "புள்ளத்தாச்சி இதெல்லாம் நெனைக்கப்புடாது. நெனைச்சா நெனைச்சது வந்து நிக்கும்" என்றாள்.

வயிரவனுக்கு எழுதினாள். அவன் அவளை நம்பினான். மழை முடியும் வரைக்கும் வெடி வேண்டாம் என்று மாமனாருக்கே நேராக எழுதினான். மாப்பிள்ளை சொல்லுக்கு மரியாதை கொடுத்து அவரும் கொஞ்ச நாள் நிறுத்தினார். பிறகு கீரமங்கலம் ரோட்டுக்கு ஜல்லி கேட்டுக் காண்டிராக்டர் நடையாய் நடந்தார். வெடிச் சத்தம் மறுபடியும் கேட்டது. ஒவ்வொரு வெடிக்கும் வீட்டுக் கண்ணாடி அலமாரி சிலிர்த்து ஓய்ந்தது. அதை அதுவரைக்கும் அந்த வீட்டில் யாரும் கவனித்ததில்லை. இப்போது முத்தாளும் கவனித்தாள். கவனித்ததை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஆவணியில் ஆண்டியப்பனை மேலே பார்த்து வரச்சொன்னாள். பனைமட்டை உள்ளே விழுந்துவிட்டது, ஆனால் காற்றில் கூட விழுந்திருக்கலாம் என்று அவன் வந்து சொன்னான். இன்னொன்று வெட்டிக் கொடுத்தாள். இம்முறை கருங்காலிக் குச்சி, இரண்டு முனையும் சீவி, கல்லால் அடித்து இறக்கச் சொன்னாள்.

குவாரி மேஸ்திரி இருளாண்டியின் பெண்சாதி செவந்தி, தயிர் வாங்க வீட்டுக்கு வருகிறவள். சேது அவளிடம் பேசிப் பார்த்தாள். செவந்தி சிரிக்கவில்லை.

"ராவுல படுத்திருக்கையில பள்ளத்துல தொபுக்கு தொபுக்குன்னு விழுகுது ஆச்சி. தவளைம்பாரு எங்க வீட்டுக்காரரு. தவளைக்கு அம்புட்டுக் கனம் ஏது?"

"அப்ப வேற எடத்துக்குப் போங்களேன்."

"எங்கிட்டுப் போக? குடிசையப் பிரிச்சா அந்த எடத்துல இன்னொருத்தன் கால ஊண்டிருவான். வேலை இங்கதான கெடக்கு."

சேதுவுக்கு ரக்னா சொன்ன பதில் காதில் விழுந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. தூறலாய்த் தொடங்கி, நின்று, பிறகு விடாமல் கொட்டியது. கண்மாய் நிரம்பி மறுகால் போனது. அரிமளத்துக்கு பஸ் நின்றது. நீலகிரியில் மண் சரிந்து பாதை அடைபட்டிருப்பதாகவும், இப்போதைக்கு வர முடியாது என்றும் வயிரவனிடமிருந்து தந்தி வந்தது. ஒரு காலை செவந்தி நனைந்துகொண்டே வந்து, பள்ளத்துத் தண்ணீர் கலங்கிச் செம்மண்ணாய்க் கிடக்கிறது, மேலேயிருந்து ஓடை எதுவும் அதில் விழவில்லை, எப்படிக் கலங்கியது என்று தெரியவில்லை என்றாள்.

சேது குடையை எடுத்தாள். முத்தாள் குளித்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லாமல் செவந்தியோடு நடந்தாள். வழியெல்லாம் சேறு. குடிசைகளை அடைந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. குடைப்பாறை மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது. தெரிந்த பாதியில், நனைந்து கறுத்த பாறைக்கு நடுவே புதிதாய் உடைந்த கல்லின் வெளுப்பு அங்கங்கே தெரிந்தது. அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே மேலேயிருந்து ஒரு சில்லு உருண்டு வந்து தண்ணீரில் விழுந்தது. வட்டம் விரிந்து இந்தக் கரையைத் தொட்டது.

செவந்தியின் குடிசைக்குள் போய், மழை ஒழுகாத ஒரு மூலையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க எல்லாரும் கெளம்புனாத்தான் நான் எந்திரிப்பேன். இல்லாட்டி இங்கதான் இருப்பேன்."

இருளாண்டி ஓடிவந்தான். தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். "ஆச்சி, வயித்துப் புள்ளக்காரி இந்த ஈரத்துல உக்காரலாமா? அய்யாவுக்குத் தெரிஞ்சா என்னைய உரிச்சுப்புடுவாக."

"சொல்லிவிடு. அதுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

ஏகாம்பரம் செட்டியாரின் மோட்டார் சேற்றில் அதற்குமேல் வரவில்லை. அவர் இறங்கி நடந்து வந்தார். வேட்டி முழங்கால் வரைக்கும் சேறு. சேது பிறந்ததிலிருந்து அவரை அப்படிப் பார்த்ததில்லை. குடிசை வாசலில் குனிந்து உள்ளே பார்த்தார்.

"எந்திரி ஆத்தா."

"இவுகளுக்கு எடம் சொல்லுங்க அப்பச்சி. எந்திரிக்கிறேன்."

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"இம்புட்டுப் பேரை எங்க வைக்கிறது?"

"நம்ம பின்கட்டுக் கிட்டங்கி காலியாத்தான கெடக்கு. நெல்லு வர்றதுக்கு இன்னும் நாளிருக்கு."

அவர் திரும்பிப் பாறையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார் என்று செவந்தி பிறகு சொன்னாள். பாறையைப் பார்த்தாரா, மகளுக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டாரா என்பது தெரியாது. கடைசியில் இருளாண்டியிடம், "சட்டி பானையக் கட்டுங்கடா. மழை விடுற வரைக்கும்" என்றார்.

அன்று பகலுக்குள் குடிசைகள் காலியாயின. ஆடு, கோழி, அம்மி, கைப்பிள்ளைகள் எல்லாம் வளவின் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தன. ஊர் சிரிக்கத்தான் செய்தது. செட்டியார் மகள் சீமைக்குப் போய் மலைப்பயம் வாங்கி வந்திருக்கிறாள் என்றார்கள்.

மழை விட்டது. வெயில் அடித்தது. பாறை நின்றுகொண்டேயிருந்தது. ஆண்கள் கூலியில்லாமல் கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து முணுமுணுத்தார்கள். பெண்கள் பகலில் போய்க் குடிசையில் கிடந்த துணிமணிகளை உலர்த்தி, பள்ளத்தில் துவைத்துக் குளித்துவிட்டு வந்தார்கள். சேது தடுத்தால் தலையை ஆட்டிவிட்டு வேறு வழியாகப் போனார்கள். செவந்தி கூட ஒரு நாள் போனாள்.

"வெயிலடிக்குதே ஆச்சி, இனிமே என்ன?"

"அங்கயும் வெயிலடிச்ச அன்னைக்குத்தான் விழுந்துச்சு, செவந்தி."

சொல்லிச் சொல்லி அவளுக்கே தன் குரல் பிடிக்காமல் போனது. ஒருவேளை ஆபத்து மழையிலும் பாறையிலும் இல்லை, ரக்னாவின் சன்னலைத்தான் தன்னோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டோமோ என்று நினைத்தாள். சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றில் பிள்ளை புரளும்போதெல்லாம் எதிலோ இடித்துக்கொண்டது போலத் திடுக்கிட்டாள்.

மகள் இளைத்துப்போவதைப் பார்த்துத்தான் ஏகாம்பரம் செட்டியார் அந்த முடிவுக்கு வந்தார். காலையில் காப்பி குடித்ததும் அவள் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"நானே மேல ஏறிப் பாத்துட்டு வாரேன். நீ வச்ச குச்சி இருந்துச்சுன்னா, இன்னைக்கே எல்லாரும் அவுகவுக குடிசைக்குப் போகட்டும். நீயும் நல்லாச் சாப்புட்டுத் தூங்கணும். சரியா?"

"இல்லாட்டி?"

"இல்லாட்டி நீ சொல்றத கேக்குறேன்."

"நீங்க போகாதீக அப்பச்சி. ஆண்டியப்பன அனுப்புங்க."

"அவன் சொன்னா நீ நம்புவ, ஊரு நம்பாது. நான் சொன்னா ரெண்டும் நம்பும்" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார். இருளாண்டியையும் கூட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகு நடந்தது இருளாண்டி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

சன்னதிக்குப் பின்னால் குச்சி இல்லை. விரிசலில் இப்போது ஒரு ஆள் பக்கவாட்டில் இறங்கலாம். செட்டியார் மண்டியிட்டு, தலையைச் சாய்த்து, பிள்ளைகள் கேட்பது போலக் காதைக் கொடுத்துக் கேட்டார். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம். அதற்கும் அடியில் வேறொரு சத்தம், மரச்செக்கு சுற்றுவது போல. எழுந்து விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். பள்ளத்துக் கரையில் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இருளாண்டி, நீ ஓடு. பொம்பளைகளைக் கெழக்க மேட்டுக்கு ஏத்து. கண்மாய்ப் பக்கம் ஓட விடாத. மேட்டுக்கு. நான் பின்னால வாரேன்."

இருளாண்டி படிகளில் பாய்ந்து இறங்கினான். மேலே செட்டியார் தோள் துண்டை வீசி வீசிக் கத்திக்கொண்டே இறங்கி வந்தார். அவர் கத்தி அவன் கேட்டதே இல்லை. பெண்கள் முதலில் புரியாமல் நின்று, பிறகு துணியைப் போட்டுவிட்டுக் கிழக்கு மேட்டுக்கு ஓடினார்கள். செவந்தி முன்னால் இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். மேட்டில் ஏறி எண்ணிப் பார்க்கும்போதுதான் அழகம்மாள் இல்லாதது தெரிந்தது. அழகம்மாள் கிழவி. இரண்டு காதும் கேட்காது. பள்ளத்தின் தென்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கோணிச்சாக்கை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

செட்டியார் அப்போதுதான் அடிவாரத்துக்கு வந்திருந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து மேடு பக்கம். கிழவி தூரம். இருளாண்டி, "அய்யா, இங்கிட்டு வாங்க, நான் போறேன்" என்று கூவினான். அவர் கையமர்த்திவிட்டுக் கரையோடு கிழவியை நோக்கி வேகமாக நடந்தார். ஓடிப் பழக்கமில்லாதவர் என்பதால் நடந்தார். கிழவியின் தோளைத் தொட்டார். அவள் நிமிர்ந்து செட்டியாரைப் பார்த்ததும் பதறி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டதை இருளாண்டி மேட்டிலிருந்து பார்த்தான். அவர் அவளைக் கரையிலிருந்த புளியமரத்தைப் பார்த்துத் தள்ளினார்.

பாறை உடைந்து விழவில்லை. அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கியது என்றான். சத்தம் பிறகுதான் வந்தது. பள்ளத்துத் தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் எழுந்து தென்கரையைத் தாண்டிப் போனது. பள்ளத்தின் அடி ஒரு கணம் வெறுமையாய்த் தெரிந்தது. தன் வாழ்நாள் முழுக்க வெட்டின குவாரியின் அடியை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

வளவில் உட்கார்ந்திருந்த சேதுவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கண்ணாடி அலமாரியின் கதவு திறந்துகொண்டது. வானத்தில் மேகமே இல்லை. முத்தாள் அடுப்படியிலிருந்து, "வெடியா?" என்று கேட்டாள்.

குடிசைகள் ஒன்றும் மிஞ்சவில்லை. தரை அலம்பிவிட்டது போலக் கிடந்தது. அழகம்மாளைப் புளியமரத்தின் கவையில் உயிரோடு எடுத்தார்கள். என்ன நடந்தது என்று அவள் எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கேட்கும்படி சொல்ல ஒருவராலும் முடியவில்லை. ஏகாம்பரம் செட்டியாரை மறுநாள் கண்மாய்க்குள் கருவேலம் புதரில் கண்டெடுத்தார்கள். காலில் ஒரு செருப்பு அப்படியே இருந்தது.

ஊர் இப்போது சேதுவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவள் வரும்போது பேச்சை நிறுத்தியது. அது சிரிப்பை விட மோசமாக இருந்தது. கிட்டங்கியிலிருந்த சனங்கள் ஒவ்வொருவராய் வந்து காலில் விழப் பார்த்தார்கள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முத்தாள் அழவில்லை. காரியம் முடிந்து உறவுகள் கலைந்த பிறகு ஒரு மத்தியானம் மகளிடம் வந்து நின்றாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா அவுக மேல ஏறியிருக்க மாட்டாக."

"ஏறலைன்னா கீழ இருந்த எல்லாரும்..."

"தெரியும்டி. அம்புட்டுப் பேரும் போயிருப்பாக. தெரியாமலா சொல்றேன்? ஆனா இவுக இங்க உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்திருப்பாக."

அம்மா சொன்னதில் பொய் இல்லை. அதற்குப் பிறகு சாப்பிட வா, மருந்து குடி என்பதைத் தவிர முத்தாள் அவளோடு பேசவில்லை. பாதை திறந்ததும் வயிரவன் வந்தான். அவனிடமும் அப்படித்தான். அவன் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு வந்து, இன்னும் விழ ஒன்றும் பாக்கியில்லை என்றான். சர்க்கார் குவாரியை மூடியது. இருளாண்டியும் செவந்தியும் இன்னும் சிலரும் கிணறு வெட்டும் வேலைக்காக இலுப்பூர்ப் பக்கம் போனார்கள். போகும்போது செவந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

மாசியில் பெண் பிறந்தது. முத்தாள்தான் குளிப்பாட்டினாள், எண்ணெய் தேய்த்தாள், தொட்டிலாட்டினாள். பேத்தியோடு பேசினாள். மகளோடு இல்லை. பிள்ளைக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தபோது குந்தாவில் குவார்ட்டர்ஸ் தயார் என்று வயிரவன் அழைத்துப்போக வந்தான்.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது முத்தாள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். மருமகனைத்தான் பார்த்தாள். ஆனால் கேட்டது மகளை.

"அங்கிட்டு மலை உண்டாடி?"

"மலையிலதான் ஆத்தா இருக்கப் போறோம்."

"வீடு அடியிலயா, மேட்டுலயா?"

சேது வயிரவனைப் பார்த்தாள். "மேட்டுல அத்தை. நல்ல மேடு. நானே பாத்துத்தான் கேட்டு வாங்குனேன்" என்றான் அவன்.

பேத்தி முத்தாளின் தாலி இல்லாத கழுத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தது.

"எனக்கும் ஒரு டிக்கட் எடுங்க மாப்பிள்ளை. நான் ஒரு தடவை வந்து சுத்திப் பாக்கணும்" என்றாள். பிறகு சேதுவிடம், "அந்தக் கம்பளியக் கீழ வச்சுக் கட்டாதடி. பிள்ளைக்கு ரயில்லயே குளிரும்" என்றாள்.

சேது கட்டின மூட்டையைப் பிரித்துக் கம்பளியை வெளியே எடுத்தாள்.